இடது ஓரத்தில் விர்வே

பிப்ரவரி. கடல் உறைந்து
தரையோடு தரையாகக் கிடக்கிறது.
எது கரை, எது கடல் என்று
கண்ணுக்குப் பிடி கிடைக்கவில்லை.
சாரெமா தீவின் மேற்குக் கோடியில்
பதினோரு பெண்கள் பாடும் குழு.
சுவரொட்டிக்கு ஒரு படம் வேண்டுமாம்.

குழுத்தலைவி லெய்தா எல்லோரையும்
தேவாலயத்தின் முன் அடுக்கிவிட்டாள்,
அட்டையில் முட்டைகளைப் போல.
"எடு ரைவோ, கால் விறைக்கிறது."

எடுத்துவிடலாம்தான்.
ஆனால் எர்னாவின் உச்சந்தலையில்
ஒரு மின்கம்பம் முளைத்திருக்கிறது.
அவளுக்குத் தெரியாது. கம்பத்துக்கும் தெரியாது.
நடுவே முப்பதடி பனி இருக்கிறது;
லென்ஸ் அந்த முப்பதடியைத் தின்றுவிடும்.
நான் இரண்டு எட்டு வலப்புறம் நகர்ந்தேன்.
கம்பம் தலையைவிட்டு இறங்கிப் போய்
தன் இடத்தில் நின்றது.

கறுப்புக் கோட்டு மைமு
கறுத்த ஜூனிப்பர் புதருக்கு முன்னால்
ஒரு முகமும் இரண்டு கைகளுமாக மிதந்தாள்.
"உடம்பையும் கொண்டுவா, பனிக்கு முன்னால் நில்" என்றேன்.
சிரித்தாள். வந்தாள்.
வெள்ளையில் கறுப்பாய், விளிம்பு முழுசாய்.
அப்போதுதான் அவளுக்கு எடை வந்தது.

பிறகு அந்தச் சிவப்பு வாளி.
பனியில் துளையிட்டு மீன்பிடித்த யாரோ
தூரத்தில் விட்டுப்போனது, பொட்டளவு.
பதினோரு முகங்களையும் தள்ளிக்கொண்டு
கண் அதனிடம்தான் ஓடுகிறது,
பந்தி மணத்துக்கு ஓடும் நாய்போல.
நடந்து போய் எடுத்து வந்தேன்.
இப்போது என் காலடித் தடங்கள் புதுத் தொல்லை:
வரிசையாய்ப் போகிற எதையும்
கண் பின்தொடரும்,
ஒன்றுமே இல்லாத இடம் வரைக்கும்.
பன்னிரண்டு பேரும் இன்னும் பத்து எட்டு தள்ளிப் போனோம்.
திட்டினார்கள், நான்கு குரலில், சுதி சேர்ந்து.

விர்வே இடது ஓரம். ஹில்யா வலது ஓரம்.
அது நான் வைத்த இடம் இல்லை.
அக்காளும் தங்கையும் பேசிப் பதினான்கு வருஷம்.
அப்பாவின் படகுக் கொட்டகை யாருக்கு என்பதில் தொடங்கியது.
பாட்டில் மட்டும் சேர்ந்து மூச்செடுப்பார்கள்,
நடுவில் ஒன்பது பேரைச் சுவராக வைத்துக்கொண்டு.

எடுத்தேன்.

இரவு, திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சாம்பல், கறுப்பு, பழுப்பு, பனி.
இரண்டே இரண்டு மஞ்சள்.
இந்தக் கோடியில் ஒரு மஃப்ளர்,
அந்தக் கோடியில் ஒரு மஃப்ளர்.
வாளியைத் துரத்திப் போனவனுக்கு
இது தெரியாமல் போயிருக்கிறது.
கண் விர்வேயிடம் தொடங்கி
ஒன்பது பேரையும் ஒரே தாவில் தாண்டி
ஹில்யாவைத் தொட்டுத் திரும்புகிறது.
கண்ணுக்குக் கொட்டகை தெரியாது.
ஒன்றுபோல் இருந்தால் ஒரே வீடு:
அது படித்த உறவுமுறை அவ்வளவே.

மறுநாள் விர்வே வந்தாள், பூட்ஸில் பனியோடு.
பார்த்தாள். ரொம்ப நேரம்.
"வலது ஓரத்தை வெட்டு."

வெட்டினேன்.
ஒரு தங்கை இல்லாமல் போக அரை விநாடி.

பத்துப் பேர். ஒரே மஞ்சள்.
நான் திரையைப் பார்க்கவில்லை,
அவள் கண்ணைப் பார்த்தேன்.
மஞ்சளில் தொடங்கியது, வலப்பக்கம் ஓடியது,
விளிம்பில் முட்டி நின்றது.
மறுபடி ஓடியது. மறுபடி முட்டியது.
மெல்லத் தலையைச் சாய்த்தாள்,
சுவரில் கோணலாய்த் தொங்கும் படத்தைப் பார்ப்பதுபோல.

"சாய்கிறது."
"ஆமாம்."
"என் பக்கம் கனக்கிறது."
"ஆமாம்."

கையுறையை மாட்டினாள். கதவு வரை போனாள்.
"படத்துக்காகத்தான் சொல்கிறேன்.
அவளைத் திரும்ப வை."

சிவப்பு வாளி இன்னும் என் காரில் கிடக்கிறது.
யாரும் கேட்டு வரவில்லை.