ஒரு நேரத்தில் ஒன்று

இனாண்டா அணை. காலை ஐந்தேமுக்கால்.
தண்ணீர் தோசைக்கல்லாய்க் கிடக்கிறது.
"கூடாது" என்கிறான் கோகிலன்.
அசையாத தண்ணீர் படகின் வயிற்றைக் கவ்விக்கொள்ளுமாம்,
கொஞ்சம் சிலிர்க்க வேண்டும்.
காத்திருக்கிறோம்.
இறங்குதுறையில் தெம்பின்கோசி
டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுச் சிரிக்கிறான்:
மூன்றாவது ஞாயிறு.
இன்னும் ஒரு மீன்கூட நாங்கள் பிடிக்கவில்லை.

மீன் போட்டி அன்றைக்கு.
மூழ்கிய மரங்களின் மூலையை முதலில் எட்டுகிறவனுக்குத்தான்
பெரிய பாஸ்.

என் வேலை நோட்டு.
வெரூலம் கடையின் பழைய கடன் நோட்டு;
முன்பக்கங்களில் அரிசி, மீன் மசாலா, பாக்கி.
பின்னாலிருந்து திருப்பினால் வேகம்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்,
அது அவன் சட்டம்.
இரண்டை மாற்றினால்
எது உதவியது எது கெடுத்தது என்று சண்டை வரும்,
குடும்பத்தில் வருவது போல.

இருபத்தைந்து பிட்ச் புரொப்பெல்லர்:
போகையில் நூற்றுப் பன்னிரண்டு, வருகையில் நூற்றெட்டு.
காற்றின் பங்கைக் கழிக்க, கூட்டிப் பாதியாக்கு.
இருபத்தாறு பிட்ச்: எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது,
ஐயாயிரத்து நானூறு சுற்றோடு நின்றுவிட்டது.
கழற்று. பழையதையே மாட்டு.
எஞ்சினைக் கால் அங்குலம் தூக்கு. நூற்றுப் பதினொன்றரை.
இன்னொரு கால். நூற்றுப் பதின்மூன்று.
இன்னொரு கால்,
நீர் அழுத்த முள் சரிந்தது. நான் கத்தினேன்.
கத்துவதும் என் வேலைதான்.

நூற்றுப் பதின்மூன்றில் படகுக்கு ஒரு குணம் வரும்:
இடது விலா, வலது விலா என்று தள்ளாடும்,
வெறும் வயிற்றில் குடித்தவன் போல.
கோகிலன் ஸ்டியரிங்கை
மயிரிழை மயிரிழையாக எதிர்ப்பக்கம் தட்டிக் கொடுப்பான்.
அப்போது அந்த முகம்
என் தங்கையைக் கட்டிக்கொண்டவனுடையது அல்ல.
வேறு யாரோ.

பிறகு எடை.
நங்கூரம் இறங்கியது. உதிரி பேட்டரி, கயிறு,
தூண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி.
மீன் தொட்டியை வடித்தோம். பெட்ரோல் கால் டாங்க்.
நூற்றுப் பதினான்கு புள்ளி இரண்டு.
துறையில் எங்கள் சாமான்கள்
வீடு காலி செய்தவர்களுடையது போலக் குவிந்து கிடந்தன.
"இதற்கு அடியிலும் காலி செய்த வீடுகள்தான்" என்றான் தெம்பின்கோசி.
அவன் பெரியம்மா வீடு அந்த வளைவுக்கு நேர் கீழே.
அங்கேதான் நாங்கள் திரும்புகிறோம்,
ஒவ்வொரு தடவையும்.

படகில் கழற்ற இனி எதுவும் இல்லை.
கோகிலன் பார்வை மெல்ல என்மேல் வந்து நின்றது.
தொண்ணூற்றாறு கிலோ.
"தைப்பூச விரதத்தில் ஆறு கிலோ இறங்கும்" என்றேன்.
"போட்டி நவம்பரில்."
இறங்கினேன்.

உள்ளே இருந்தால் அது வெறும் சத்தம்.
கரையிலிருந்து கேட்டால்
மலைக்குப் பின்னாலிருந்து யாரோ
துணியைக் கிழித்துக்கொண்டே வருகிறார்கள்.
அழுத்த முள்ளை இப்போது யார் பார்க்கிறார்கள்?
அந்த முள் எனக்குள் ஆடியது.
வளைவில் ஒரு கணம் படகு தண்ணீரில் இல்லை;
அடிவயிற்று வெள்ளை முழுசாகத் தெரிந்தது.
தெம்பின்கோசி ஜூலுவில் ஏதோ முணுமுணுத்தான்.
நான் எதுவும் சொல்லவில்லை. வாய் காய்ந்திருந்தது.

வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கை நிற்காமல் நடுங்கியது.
"நூற்றுப் பத்தொன்பது புள்ளி ஆறு. எழுது."
மாற்றம் என்ற கட்டத்தில்
'நான்' என்று எழுதினேன்.

போட்டி விதி ஏழு: படகில் இருவர்.
அவனுக்கும் தெரியும். எனக்கும்,
முதல் ஞாயிறிலிருந்தே.

"ஏறு" என்றான், தண்ணீரைப் பார்த்தபடி.
"உன் சீட்டை நாலு அங்குலம் பின்னால் தள்ளிப் பார்க்கலாம்."
பையில் கால் ரொட்டி பன்னி சௌ ஆறிக்கொண்டிருந்தது.
பாதியைப் பிய்த்துத் தெம்பின்கோசிக்குக் கொடுத்தேன்.
மீதி என் வயிற்றில்.
முந்நூறு கிராம் இருக்கும்.
அதையும் எழுதினேன்.