மன் என்னும் எழுத்து

ஆயிரத்து நானூற்று எண்பது லரி.
இருபத்து நான்கு தவணை, வட்டி கிடையாதாம்.
பழையதைக் கொடுத்தால் அறுபது கழியும்,
அதுவும் வியாழக்கிழமை வரைக்கும்தான்.

கடைப்பையன் பேகா என் போனை
ஒற்றை விரலால் புரட்டிப் பார்க்கிறான்,
மருந்துக்கடையில் நான்
காலாவதியான குப்பியைப் புரட்டுவதுபோல.
ஆறு வருடம் ஆகிறது.
முப்பது சதவீதம் என்று காட்டிக்கொண்டே
மூர்ச்சை போட்டு விழும்.
படம் எடுத்தால் பத்தூமி முழுக்க மூடுபனி.
அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

திரையில், வலப்பக்கம் கீழே,
ஒரு பருப்பு அளவுக்கு உயிர் இல்லை.
மார்ச் மாதம் படிக்கட்டில் விழுந்ததிலிருந்து.
அந்தப் பருப்புக்கு அடியில்தான்
எங்கள் 'மன்' கிடக்கிறது.

முப்பத்து மூன்று எழுத்தில் ஒன்றுதானே, என்றாள் நானூலி.

ஒன்றுதான்.
'நான்' என்று சொல்ல முதலில் அது வேண்டும்.
பசிக்கிறது எனக்கு,
வலிக்கிறது எனக்கு,
வேண்டும் எனக்கு,
உன் நினைவாகவே இருக்கிறது எனக்கு:
இத்தனை 'எனக்கு'ம் எங்கள் மொழியில்
வினைச்சொல்லின் வாசலில் நிற்கும் அந்த ஓர் எழுத்து.
அது விழுந்தால் 'ம்சீவா' வெறும் 'சீவா'.
எனக்குக் குளிர்கிறது என்று அனுப்பினால்
ஊரில் குளிர் என்று போய்ச் சேரும்.

ஜும்பெர் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்க்கிறவன்.
பர்காஸ் துறைமுகத்திலிருந்து கேட்டான்:
என்ன, வானிலை நிலையத்தில் சேர்ந்துவிட்டாயா?

அவன் உனக்கு யார் என்று நானூலி கேட்பாள்.
நண்பன், கணவன்,
இரண்டு சொல்லிலும் அந்த எழுத்து இருக்கிறது.
என்னால் அடிக்க முடியாது என்று சொல்லிவிடுவேன்.

விஷயத்தைச் சொன்ன மறுநாள்
அவனிடமிருந்து ஒரு செய்தி.
வேறொன்றும் இல்லை,
மன் மன் மன் என்று நாற்பது.
வேண்டும்போது வெட்டி ஒட்டிக்கொள்,
தீர்ந்தால் சொல், இன்னும் அனுப்புகிறேன்.
எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.
இன்றுவரை ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை.
போனைப் படுக்கவைத்தால் விசைப்பலகை அகலும்,
பருப்பை விட்டு நகர்ந்து வந்துவிடும் மன்.
சூடான தட்டைப் பிடிப்பதுபோல
இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.
இரண்டு தடவை செய்திருக்கிறேன்.
ஒன்று, அவன் தம்பி செத்த இரவு.
மற்றதைச் சொல்ல மாட்டேன்.
மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு நன்றி சொல்ல
அவ்வளவு பாடு படுவதில்லை.
மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

கடையில் கம்பி கட்டி வைத்திருந்த புதியதில்
தயங்கித் தயங்கி அடித்துப் பார்த்தேன்.
வந்தது.
இன்னொன்று.
தொடுவதற்கு முன்பே வருகிறது.
ஒரு வரி முழுக்க நிரப்பிவிட்டு,
ருசிபார்க்கக் கொடுத்த பாலாடைக்கட்டியை
மொத்தமும் தின்றுவிட்டவள்போல
சுற்றிலும் பார்த்துவிட்டு அழித்தேன்.

பழைய செய்தி எல்லாம் அப்படியே வந்துவிடும் அக்கா,
ஒன்றுகூடப் போகாது, என்றான் பேகா.
பருப்பு வருமா?
எந்த ஆப் அது, என்று கேட்டான்.

வெளியே மழை. இந்த ஊரில் வேறென்ன.
ரொட்டிக்கடைச் சார்ப்பில் ஒதுங்கி
போனை எடுத்தேன், பதினேழு சதவீதம்.
வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.
அவன் கப்பல் புதன் இரவு வருகிறது.
பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
போனைப் படுக்கவைத்தேன், இரண்டு கை.
'மொஹ்வால்?'
வருவாயா.

அனுப்பு என்பதைத் தொட்டேன்.
ஒரு குறி விழுந்ததா, இரண்டா,
பார்ப்பதற்குள்
திரை கருத்துவிட்டது.