மூஸ் நிறுக்கும் தராசு

மூஸ் மானின் தொடையை நிறுக்க வாங்கிய தராசு.
பாய்யன்னே ஏரிக்கரைக் கொட்டகையில்
உத்தரத்துக் கொக்கியில் தொங்குகிறது.
இந்த ஜூனில் அதில்
எஞ்சின்களைத் தூக்கில் போட்டோம்.

படகு மட்டும் தொண்ணூற்றிரண்டு கிலோ.
மெல்லிய ஒட்டுப்பலகை, பிசின்,
உப்புத்தாளில் உரிந்த என் விரல்தோல் கொஞ்சம்.
ஒரு திருகாணி கூடுதலாய் முடுக்கினாலும்
ஆர்ரெயிடம் கணக்குச் சொல்லவேண்டும்.

முதலில் மோட்டார் சைக்கிள் எஞ்சின்.
நான்கு சிலிண்டர், அறுபத்தெட்டு கிலோ.
பைக் வளைவில் சாயும்,
எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும்.
எங்கள் படகு சாயாது. தட்டையாய்த் திரும்பும்.
கல்யாணப் பந்தியில் கோபித்த மைத்துனன்போல்
எண்ணெய் ஒரு சுவரோரம் ஒதுங்கிவிடும்,
பேரிங் தொண்டை வறண்டு கத்தும்.
மூன்றாம் வளைவில் சாகும் என்றான் ஆர்ரெ.
இரண்டாவதில் என்றேன்.

சுழல் எஞ்சினைத் தூக்க ஓர் ஆள் போதும்,
பெட்ரோல் ஊற்றத்தான் இரண்டு பேர் வேண்டும்.
சிவந்த புகைக்குழாயில்
என் இடக்கையுறை உருகி ஒட்டிக்கொண்டது.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மின்மோட்டார் பதினெட்டே கிலோ.
பூனைக்குட்டிபோல் ஏந்திக்கொண்டேன்.
பிறகு பேட்டரி வந்து இறங்கியது.
பெண் கொடியிடைதான்,
சீர்வரிசை ஒரு லாரி.

ஹில்ப்பா தன் பனி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
பாறையில் மோதி ஸ்கீ முறிந்தது.
"இதைக் கழற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இனி கால்நடைதான்."
இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக்,
வால்வு இல்லை, பேச்சு இல்லை.
நாற்பத்தொரு கிலோவில் முள் நின்றது.
மூவரும் முள்ளையே பார்த்தோம்,
பிறந்த குழந்தையின் நிறையைப் பார்ப்பதுபோல்.

அப்படியும் சுவரில் சாக்பீஸ் கணக்கு இடித்தது.
வேண்டிய நிறைக்கு மேல் இருபத்தேழு கிலோ.
டைட்டானியம் போல்ட் போட்டால் ஒன்றரை குறையும்,
ஆர்ரெயின் வேன் விற்றால் போல்ட் கிடைக்கும்.

அலுத்துப்போய் அவன்
கொக்கியைப் பிடித்துத் தொங்கினான், விளையாட்டாக.
எண்பத்தொன்று.
ஹில்ப்பா என்னைப் பார்த்தாள்.
நான் தொங்கினேன்.
ஐம்பத்துநான்கு.

மூன்று வாரம் எஞ்சின்களைப் பற்றியே பேசிய கொட்டகையில்
யாரும் பேசவில்லை.
கழித்தல் கணக்கைச் சுவரில் எழுத
ஒருவருக்கும் கை வரவில்லை.

மறுநாள் காலை
அவன் ஹெல்மெட் என் இருக்கையில் கிடந்தது.
எனக்குப் பெரிது.
உள்ளே இடைவெளிக்கு
துவைத்த கம்பளிக் காலுறை ஒன்றைத் திணித்திருந்தான்.

பிப்ரவரியில் இந்த எஞ்சின்
இதே ஏரியைக் கடந்திருக்கிறது,
ஹில்ப்பாவின் வலைகளோடு, உறைந்த மீன்களோடு.
அன்று கீழே கெட்டியாய் இருந்தது.

நூற்றுப்பத்தில்
தண்ணீர் மறுபடி கெட்டியாகிறது.
ஒவ்வோர் அலையும் கல், என் பற்களுக்குத் தெரியும்.
எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியவில்லை,
பனிக்காலம் என்றே நினைத்துப் பாடுகிறது.

திரும்பும்போது ஒருமுறை கரையைப் பார்த்தேன்.
எண்பத்தொரு கிலோ
கடிகாரத்தைப் பிடித்தபடி
முட்டியளவு நீரில் இறங்கி நின்றது.