பொன்விழா மலருக்கு எழுதிக் கொடுத்தது

இரண்டு பக்கம் போதும் என்றார் செயலாளர்.
படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று.
ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள் நான்,
எதையும் தேதி போட்டுத்தான் தொடங்குவேன்:

எழுபத்து நான்கு, ஆகஸ்ட்,
பாம்பனில் கச்சான் அடித்த ஒரு மாலை.
ரயில்வேயில் தூக்குப்பாலம் திருகிக்கொண்டிருந்த ஸ்தனிஸ்லாஸ்
ஏழு பேரைக் கூட்டி நான்காகப் பிரித்தார்.
மீனைத்தான் பங்கு வைப்பார்கள், பாட்டையுமா
என்று சிரித்த ரெமிஜியுஸ்தான்
எங்கள் முதல் பாஸ்.

பூசைக்கு ஆகாத பாட்டு என்று
கோவில் கதவு திறக்கவில்லை.
வலைக் கொட்டகையில் நின்று பாடினார்கள்.
ஆர்மோனியம் கிடையாது.
பக்கத்து ஐஸ் கம்பெனி மோட்டார்தான் சுருதி.
கரண்டு போய் ஜெனரேட்டரில் ஓடினால்
அன்றைக்கு எல்லாப் பாட்டும் அரைச் சுருதி தணிவு.
அந்த ஜெனரேட்டருக்கு இன்று
நான்தான் டீசல் கணக்கு எழுதுகிறேன்.
(இதை மலரில் போட வேண்டாம்.)

ஒத்திகைக்கு நாள் குறித்தது கடல்.
விசைப்படகு போகாத நாளில் டெனர் இருக்கும்,
நாட்டுப்படகு போகாத நாளில் பாஸ் இருக்கும்.
இரண்டும் ஒன்றாய்க் கரையில் நிற்பது
தடைக்காலத்தில், இல்லையேல் புயலில்.
மூன்றாம் எண் கூண்டு ஏறினால்
எஸ்கலின் அக்கா அடுப்பை அப்படியே விட்டு ஓடி வருவாள்,
"நாலு குரலும் இருக்குடி இன்னைக்கு!"
கூண்டு ஏறியதற்குச் சந்தோஷப்பட்டவர்கள்
இந்தக் கரையில் நாங்கள் மட்டும்தான்.

பரிசு: மதுரையில் ஒரு மூன்றாம் இடம்.
கோப்பையின் ஒரு காது ரயிலிலேயே உடைந்தது.

அடுத்ததற்குத் தேதி போட மாட்டேன்.
ஈஸ்டருக்கு ஒன்பது நாள் முன்னால்
டெனர் இருவரும், டிக்சனும் லெஸ்லினும்,
எல்லை தாண்டியதாகப் பிடிபட்டார்கள்.
யாழ்ப்பாணச் சிறை, நாற்பத்தோரு நாள்.
அந்த இரவில் சோப்ரானோ ஒருத்தி
டெனர் வரியை எடுக்கப் போனாள்.
எஸ்கலின் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நான்கு அளவு, வெறும் மூச்சு.
பாட்டு மறந்துவிட்டது போல என்று
பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

டிக்சன் திரும்பினான், படகு திரும்பவில்லை.
எட்டுக் கிலோ குறைந்து, ஒரு மெட்டோடு.
பக்கத்து அறைச் சிங்களக் கைதி
துணி அலசும்போது முனகிய மெட்டு.
சொல் தெரியாது அவனுக்கு,
ந ந ந என்று பாடிக் காட்டினான்.
யாரும் பிரிக்காமலே நாலாய்ப் பிரிந்தது அது.

ரெமிஜியுஸ் அண்ணன் எழுந்தார்.
அவர் மருமகன் படகும்
மயிலிட்டியில் மக்கிக்கொண்டிருந்தது.
"அவுக மெட்டு என் தொண்டையில இறங்காது."
குவியலில் தன் செருப்பைத் தேட
வெகுநேரம் ஆனது அவருக்கு.
பின்னாலேயே மூன்று பேர் போனார்கள்.

மீதிப் பேர் பாடினோம்.
நங்கூரம் இல்லாத வள்ளம் போல
அலைந்தது பாட்டு.

கார்த்திகையில் கூண்டு ஏறிய ஒரு நாள்,
கொட்டகைக்கு வெளியே மழையில்
கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்
தலை திருப்பாமல் சொன்னார்:
"மூணாவது அடி தட்டுது.
பாஸ் அங்க இறங்கணும், ஏறக் கூடாது."
முடிச்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.
திருத்திக்கொண்டோம்.

மொத்த உறுப்பினர் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள்.
ஒன்பது என்று போடுங்கள்.
பதிவேட்டை யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை,
அந்த நாளில் ரெமிஜியுஸ் பெயருக்கு நேரே
வந்தார் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை.
மழை என்று எழுதியிருக்கிறேன்.

படம் தனியே இணைத்துள்ளேன்.
கோப்பையின் உடைந்த பக்கம்
தெரியாதபடி வெட்டிக்கொள்ளவும்.