எண்ணூறு மில்லி

செவ்வாய், வெள்ளி.
டோல்கேட்டில் ஏறி ஸ்டான்லியில் இறங்குவோம்.
தேசப்பன் அண்ணனின் இடது கையை
யாரும் இடிக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.
மெஷினுக்காக அதில் நரம்போடு நரம்பைத் தைத்திருக்கிறார்கள்.
விரல் வைத்தால் இரையும்,
தீப்பெட்டிக்குள் பொன்வண்டு மாதிரி.

நாலு மணி நேரம் அவன் ரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்.
நான் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிப்பேன்.
இரண்டு. சில நாள் மூன்று.
அவனுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி,
ரசம், மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து.
அண்ணி பாட்டிலில் நெயில்பாலிஷால் கோடு போட்டிருக்கிறாள்.

மெட்ரோ லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும்.
அவனும் வருவான். பிடிக்க மாட்டான்.
டியூபிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னால்
அதே ஆஸ்பத்திரி, மாடியில் ஒரு ரூம்.
எல்லாம் ஒத்துப்போச்சு என்றார் டாக்டரம்மா.
எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
"இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க.
பொருந்தலைன்னு நாங்க சொல்லிக்கிறோம்."

மகள் ரெண்டாவது படிக்கிறாள்,
நான் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவன்,
இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்லலாம்.
யோசிக்கவில்லை.
கத்தியை மட்டும் நினைத்தேன்.
வாயைத் திறக்கவே இல்லை.
அவர் பேனாவை எடுத்து
என்னமோ எழுதினார், சின்னதாக.

அன்றைக்கு அண்ணி அழுதாள்.
அமுலு எதற்கென்று சொல்லாமல் கற்பூரம் ஏற்றினாள்.
அண்ணன்தான் என் தோளைத் தட்டினான்:
"இதுல உன் தப்பு இன்னாடா கீது."

போன வாரம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.
குனிய முடியவில்லை, மூத்திரம் போக முடியவில்லை.
நாற்பது வயசு ஆம்பளை, குப்புறப் படுத்து முனகினேன்.
சேதி கேட்டு வந்தான்.
வலது கையால் தைலம் தேய்த்துவிட்டான்,
சரியாக அந்த இடத்தில்,
விட்டிருந்தால் தையல் போட்டிருப்பார்களே, அங்கே.

"தண்ணியே குடிக்க மாட்டியா நீ.
கல்லு வந்துடும்."
சொம்பு நிறைய மொண்டு வந்து நீட்டினான்.
குடித்தேன்.
முழுதும் தீரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.
நான் விழுங்க விழுங்க
அவன் தொண்டை ஏறி இறங்கியது.

தெரிந்திருக்குமோ.
டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார்.
எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்
என்றுதான் இத்தனை நாள்.

சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு
இன்னும் கொஞ்சம் மொள்ளட்டா என்றான்.