இடைவிடாத

சேன்-லூயியில் நான் தைப்பவை
மணப்பெண் கவுன், பள்ளிச் சீருடை, திரைச்சீலை.
ஞாயிறு மாலையில் சேவல்.

தகரக் கூரையடியில் கூச்சல் அடங்கியதும்
ழில்பேர் வேலாயூதோம் வருவான்.
முப்பாட்டன் வேலாயுதம்தான்;
கப்பலிலிருந்து இறங்கியபோது
எழுத்தரின் காதில் இப்படி விழுந்தது.
கக்கத்தில் சுருட்டிய துண்டு. துண்டுக்குள்
கேப்டன் என்று அவன் கூப்பிடும் செவலைச் சேவல்.

மார்பு கிழிந்தால் ஏழு தையல்.
கொண்டை கிழிந்தால் தையல் நிற்காது, சாம்பல்தான்.
கண்ணுக்கு என்னிடம் நூல் இல்லை.
கூலி இருபது யூரோ.
ஆறினால் மறுபடி களம். அதுவும் தெரிந்துதான் தைக்கிறேன்.

ஒருமுறை கேட்டுவிட்டேன்.
பதில் களத்து வாசலில்
கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதாம்:
இடைவிடாத உள்ளூர் மரபு உள்ள இடத்தில்
இது குற்றமாகாது.
புதிதாக ஒரு களம் கட்டினால் குற்றம்.
அதே கூர், அதே இரத்தம்,
சுவருக்கு மட்டும் வயது போதாது.

"நமக்கு இங்கே என்ன மிஞ்சிச்சு?" என்றான்.
"பாஷை போச்சு. பேர் கோணிப் போச்சு.
இதையும் விடணுமா?"
ஊசியைப் பல்லில் கடித்திருந்தேன்,
நல்லதாகப் போயிற்று.
அவன் சொன்னதில் பாதி என் வீட்டுக் கதை.

தை பிறந்தது. லெ கோல் ஆலை ஓய்ந்து கிடந்தது.
காவடிக்குப் பத்து நாள் விரதம்:
கறி இல்லை, ரம் இல்லை, சண்டையும் இல்லை.
லிச்சி மரத்தடியில் கேப்டன் மண்ணைக் கிளறியது.
அடுத்த வீட்டுச் சேவல் வேலியில் ஏறிக் கூவியது.
கேப்டன் பதிலுக்குக் கூவியது.
அவ்வளவுதான், பத்து நாளும்.

பத்தாம் நாள் கன்னத்தில் வேல் ஏற்றி
கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு நடந்தான் ழில்பேர்.
முன்னே சேவற்கொடி.
அவன் கன்னம். அவனே கேட்டு வாங்கிய வலி.
எனக்கும் கண் நிறைந்தது, மறைக்க மாட்டேன்.

மறு ஞாயிறு துண்டு வந்தது.

"இடைவிடாத என்றுதானே போட்டிருக்கிறது?
வருஷத்துக்குப் பத்து நாள் விடுகிறாயே."
"அது சாமிக்கு."
"தெரியும். இதற்கு வலிக்கும் என்று
அந்தப் பத்து நாளும் உனக்குத் தெரிகிறது."

அவன் பணத்தை எண்ணினான், இரண்டு தரம்.
ஐந்தாம் தையலில் நூல் தீர்ந்தது.
கோக்க வெளிச்சம் போதவில்லை, விளக்கைப் போடவும் எழவில்லை.
என் உள்ளங்கையில் கேப்டனின் நெஞ்சு
தையல் மெஷினைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.