ஊக்கு

நூற்றைம்பது சொல்லுக்குள் ஒரு பாராட்டுரை
எழுதித் தா என்றார் மேலாளர்.
அந்த அம்மா கோப்பு உனக்குத்தானே அத்துப்படி.

அத்துப்படிதான்.
பதினான்கு வருஷம்
திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு
தெற்குத்தெருவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார்
கரகாட்டக் கலைஞர் க. மாயக்காள்.
மேலூர் கடந்து மாட்டுத்தாவணி,
அங்கிருந்து நின்றபடி கலெக்டர் ஆபீஸ்.
வரிசையிலும் தலை ஆடாது.
மேலே ஒரு குடம் இருப்பதுபோல்
கால்கள் மட்டும் மாறி மாறி நிற்கும்.

முதல் மனு:
திருவிழா மேடைக்குப் பின்னால்
உடை மாற்ற ஓர் அறை.
கதவு வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் வேண்டும்.
உள்பக்கம் என்பதில் இரண்டு அடிக்கோடு.
ஊராட்சிக்கு அனுப்பினேன்.
ஊராட்சி போலீசுக்கு,
போலீஸ் பண்பாட்டுத் துறைக்கு,
அங்கிருந்து வடைக்கறையோடு
எனக்கே திரும்பி வந்தது.

இரண்டாவது,
ஆட்டம் முடிந்து நடுராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண்களிடம்
'எந்த லாட்ஜ்' என்று கேட்கக் கூடாது.

மூன்றாவதை மனப்பாடமாகச் சொல்வேன்:
'ரூபாய் நோட்டுக் குத்த வருகிறவர்கள்
நோட்டை மட்டும் குத்துவதில்லை ஐயா.
கொடுக்க நினைப்பவர் தட்டில் போடட்டும்.
ஊக்கோடு யாரும் மேடை ஏறக் கூடாது.'

அதன் கீழே எழுதினேன்,
எனக்கு நல்ல கையெழுத்து:
'பொருள் தெளிவாக இல்லை. முடிக்கப்பட்டது.'

இப்போது தேடித் தேடி எழுதுகிறேன்.
'தளராத குரல்.'
கோப்பில் அது
'மனுதாரர் மீண்டும் மீண்டும் வருகிறார்.'
'கலைஞர் உரிமைக்காக வாதாடியவர்.'
கோப்பில் 'ஊழியர்களிடம் வாக்குவாதம் செய்தார்.'
'கலையை ஊக்குவிக்கும்' என்று தொடங்கி
அடித்துவிட்டேன்.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
கூர்முனை இருக்கிறது.

கலைத்திறன் பற்றியும் நாலு வரி வேண்டுமாம்.
ஒத்தக்கடையில் ஒரு பங்குனி ராத்திரி,
யானைமலை கறுப்பாய்ப் படுத்திருக்க
ஏணியின் மூன்றாம் படியிலிருந்து பின்னால் வளைந்து
கண்ணிமையால் ஊசி எடுத்தார்.
குடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.
நிமிர்வதற்குள் ஒருவன் மேடை ஏறினான்,
வாயில் ஊக்கு, கையில் ஐம்பது ரூபாய்.
கூட்டம் விசிலடித்தது.
நான் ஏறவில்லை.
ஏறாததையே பெரிய மரியாதையாக எண்ணி
வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.
இதைப் பாராட்டுரையில் சேர்க்க வழியில்லை.

தல்லாகுளம் அரங்கில் விழா.
உடை மாற்றும் அறை இருந்தது,
உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.
சிறப்பு விருந்தினர் ஜவுளிக்கடை முதலாளி.
என் நூற்றைம்பது சொற்களை
இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தார்,
பிறகு பதக்கத்தை எடுத்து
ஊக்கைத் திறந்துகொண்டு
முந்தானைப் பக்கம் வந்தார்.

ஒரே ஓர் அடி பின்னால் வைத்தார் மாயக்காள்.
தலை ஆடவில்லை.
வெற்றிலைத் தட்டு என் கையில் இருந்தது.
அதை வாங்கி
நீட்டினார்.

'இதுல போடுங்கண்ணே.'

அரங்கம் சிரித்துக் கைதட்டியது.
எளிமை, என்றார் பக்கத்தில் ஒருவர், என்ன எளிமை.
மூன்றாம் வரிசையில் அவரோடு ஆடும் ஆறு பெண்கள்
சிரிக்கவில்லை.
ஒருத்தி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள்.
பதக்கம் தட்டில் விழுந்த சத்தத்தை
மைக் வாங்கி
கடைசி நாற்காலி வரைக்கும் கொண்டுபோனது.
திறந்த ஊக்கை என்ன செய்வதென்று தெரியாமல்
முதலாளி கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை வந்தார்.
டோக்கன் முப்பத்தேழு.
பழைய மனுதான், புதுத் தேதி.
பொருள் என்று போட்ட இடத்தில்
எழுத்து ஏதும் இல்லை,
ஓர் ஊக்கு குத்தியிருந்தது.
நிமிர்ந்து பார்த்தேன்.
பின்னால் வரிசை நெருக்கியது.

'ரசீது போடுங்க தம்பி,
எட்டரை பஸ்ஸைப் பிடிக்கணும்' என்றார்.